மாமிக்குக் கேட்கிற கீபோர்ட்

கலியாணம் முடித்தால் பெண்வீட்டுக்குப் போய்க் குடியிருப்பதுதான் எங்கள் பக்கத்து ஆண்களின் வழக்கம். கல்முனையில் இதை யாரும் ஒரு விஷயமாகப் பேசுவதில்லை. கொழும்பில் என்னோடு வேலை செய்கிறவர்கள்தான் "அப்ப நீங்க வீட்டோட மாப்பிள்ளையா?" என்று கேட்டுச் சிரிப்பார்கள். நானும் அப்படித்தான் போனேன், ஒரு சூட்கேசும் ஒரு லெப்டொப்பும் ஒரு பட்டச் சான்றிதழுமாக. எங்கள் குடும்பத்தில் பள்ளிப் படிப்பை முழுதாக முடித்த முதல் ஆள் நான் என்பதால் அந்தச் சான்றிதழுக்குத் தனி மவுசு. மாமா அதைச் சட்டம் போட்டு ஹோலில் மாட்டினார். சூட்கேசை மனைவி அலுமாரிக்கு மேலே ஏற்றினாள். லெப்டொப்புக்குத்தான் அந்த வீட்டில் இடம் கிடைக்கவில்லை.

வீடு பெரிய வீடுதான். ஆனால் மாப்பிள்ளை அறைக்கென்று கட்டில், அலுமாரி, கண்ணாடி மேசை மூன்றையும் ஒரே தேக்கில், ஒரே பொலிஷில் செய்து இறக்கியிருந்தார்கள். நாலாவதாக ஒரு எழுத்து மேசை வாங்கிப் போடலாமா என்று கேட்டேன். மாமியிடமிருந்து பதில் வந்தது, மனைவியின் வாயால்.

"மாப்புள்ள அறைக்குள்ள கந்தோர் மேசையா? பாக்க வாற சனம் என்ன நினைக்கும் எண்டு உம்மா கேக்கா."

மாமியும் நானும் நேருக்கு நேர் கதைப்பதில்லை. கோபதாபம் எதுவும் கிடையாது, மரியாதைதான். அவர் சொல்வது மனைவி வழியாக வரும், நான் சொல்வது அதே வழியாகத் திரும்பிப் போகும். இடையில் மனைவி தன்னுடைய சொந்தச் சரக்கையும் கொஞ்சம் சேர்த்துவிடுகிறாள் என்பது என் நெடுநாள் சந்தேகம். ஆகவே கண்ணாடி மேசையிலேயே லெப்டொப்பை வைத்தேன். பவுடர் டின், அத்தர்ப் போத்தல்கள், சீப்பு, கலியாணத்துக்கு வந்த பிளாஸ்டிக் பூச்சாடி ஆகியவற்றுக்கு நடுவே, எதிரே கண்ணாடியில் என் முகத்தைப் பார்த்தபடி வேலை. நாள் முழுக்கத் தன் முகத்தையே பார்த்துக்கொண்டு வேலை செய்கிறவனுக்கு ஆணவம் வராது. என் முகத்தை வைத்துச் சொல்கிறேன்.

வேலை கொழும்பில் உள்ள ஒரு நிறுவனத்துக்கு. வெளிநாட்டில் இருக்கிற ஒரு மருந்துக் களஞ்சியத்தின் மென்பொருளைப் பழுது பார்ப்பது. வீட்டிலிருந்தே செய்யலாம் என்றார்கள். எனக்கு அது அல்லாஹ் தந்த பெரிய பரக்கத்தாகத் தெரிந்தது. அந்த வீட்டுக்கு அப்படித் தெரியவில்லை. வேலை என்றால் காலையில் போவது, பின்னேரம் வருவது. மாமா பஸாரில் புடைவைக் கடை வைத்திருக்கிறார். ஒன்பது மணிக்குப் போவார், இரவு இஷாத் தொழுகைக்குப் பிறகு வருவார். இடையில் கடையில் என்ன நடந்தது என்று யாரும் கேட்பதில்லை. போனதும் வந்ததும் போதும். என் வாப்பா ஆயுளெல்லாம் மற்றவர்களின் வயலைக் குத்தகைக்குச் செய்தவர். வயல்வட்டையிலிருந்து வந்தால் முழங்கால் வரைக்கும் சேறு இருக்கும். அவர் வேலை செய்தாரா என்று எவரும் சந்தேகப்பட்டதில்லை, சேறே சொல்லிவிடும். நானோ மேலே கொலர் வைத்த சேர்ட்டும் கீழே சாரனுமாகக் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருக்கிற ஆள். படித்து என்ன பலன் என்று அந்தக் கதவு எல்லோரையும் கேட்டுக்கொண்டே இருந்தது.

கடற்கரைப் பக்கத்து வீடு. உப்புக் காற்றுக்கு முதலில் போனது லெப்டொப்பின் பொத்தான்கள். சில எழுத்துகள் அமுக்கினால் எழும்பாது, சில எழுத்துகள் அமுக்காமலே மூன்று தரம் விழும். வெளியே ஒரு கீபோர்ட் வாங்கிப் பூட்டுவதைத் தவிர வழியில்லை. பூச்சாடிக்கும் பவுடர் டின்னுக்கும் நடுவில் இருந்த இடம் முழுக் கீபோர்ட்டுக்குப் போதாது. பூச்சாடியை எடுக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். அதை வாங்கித் தந்தது மாமியின் தங்கை. அப்படித்தான் சின்ன கீபோர்ட்டுகளின் உலகத்துக்குள் நான் நுழைந்தேன்.

அது ஒரு தனி உலகம். என்னோடு படித்த ஒருவன் பஸாரில் கம்பியூட்டர்க் கடை வைத்திருக்கிறான். அவனிடம் போய் "ஒரு சின்னக் கீபோர்ட் தா" என்றேன். நகைக்கடையில் போய் மஞ்சளாக ஏதாவது தாருங்கள் என்று கேட்டவனைப் பார்ப்பதுபோல் பார்த்தான்.

"எத்தின வீதம்?"

"என்னடா வீதம்?"

"அறுவது வீதமா, அறுவத்தஞ்சா, எழுவத்தஞ்சா? சுவிட்ச் என்ன கலர்? நீலமா, சிவப்பா, மண்ணிறமா? டேய், ஒண்டுந் தெரியாம இஞ்ச வந்து நிக்காதடா. வீடியோ பாத்திட்டு வா."

பார்த்தேன். பெரிய பெரிய தாடி வைத்தவர்கள் சின்னச் சின்னத் தூரிகையால் ஒவ்வொரு பொத்தானுக்கும் கீழே கிரீஸ் பூசுகிறார்கள். உள்ளே பஞ்சு அடைக்கிறார்கள். பிறகு கண்ணை மூடிக்கொண்டு தட்டிப் பார்த்து, சத்தம் பளிங்குக்கல் விழுந்த மாதிரியா, மழைத்துளி மாதிரியா என்று தர்க்கம் செய்கிறார்கள். அவர்கள் எதையும் எழுதி நான் காணவில்லை. ஒருவர் ஒரு மணித்தியாலம் கீபோர்ட்டைப் பற்றிக் கதைத்துவிட்டுக் கடைசியில் தட்டிக் காட்டியது தன்னுடைய பெயரை மட்டும்தான். எண் பொத்தான்களை எடுத்துவிட்டால் ஒரு விலை, அம்புக்குறிகளையும் எடுத்துவிட்டால் அதைவிடக் கூடிய விலை. இந்தக் கணக்கில் போனால் ஒரு பொத்தானும் இல்லாத வெறும் பலகையை அரசர்கள்தான் வாங்க முடியும்.

கடைசியில் இரண்டுக்கு வந்து நின்றேன். ஒன்று அறுபது வீதம், அதாவது முழுக் கீபோர்ட்டில் நூற்றுக்கு அறுபது பங்கு. அம்புக்குறியும் இல்லை, மேல்வரிசையும் இல்லை. நீலச் சுவிட்ச், தட்டினால் 'டக்' என்று கேட்கும். மற்றது எழுபத்தைந்து வீதம். எல்லாம் நெருக்கியடித்து உள்ளே இருக்கிறது, சத்தம் இல்லை. எதை எடுப்பது என்று இரவுச் சாப்பாட்டில் மனைவியிடம் சொல்லிக்கொண்டிருந்தபோது மாமா காது கொடுத்தார்.

"ஏன் மருமகன் கடையில நிண்டு யோசிக்கிறயள்? ரெண்டையும் ஊட்டுக்கு அனுப்பச் சொல்லுங்க. பாத்து எடுப்பம்."

மாமாவின் கடையில் அப்படி ஒரு வழக்கம் உண்டு. கலியாண வீடு என்றால் புடைவைகளை மூட்டையாகக் கட்டி வீட்டுக்கே அனுப்பிவிடுவார். பெண்கள் விரித்துப் பார்த்து, உடுத்திப் பார்த்து, வேண்டியதை எடுத்துக்கொண்டு மிச்சத்தைத் திருப்பி அனுப்புவார்கள். என் நண்பனின் கடை இருப்பது மாமாவின் கட்டடத்தில் என்பதால் கீபோர்ட்டுகளும் அதே முறையில் வந்து சேர்ந்தன. புடைவை பார்க்கிற மாதிரியே ஹோலில் பாய் விரித்து, பெட்டிகளைத் திறந்து, பார்வைக்கு வைத்தோம். மாமா கதிரையில். மனைவியும் அவளுடைய தங்கையும் பாயில். பக்கத்து வீட்டு ராத்தா சீனி வாங்க வந்தவர், சீனியை மறந்துவிட்டு உட்கார்ந்துவிட்டார். மாமி குசினி வாசல் திரைச்சீலைக்குப் பின்னால்.

மாமா சின்னதைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இதென்ன, பாதிதான் வந்திரிக்கி?"

"முழுசே அவ்வளவுதான் மாமா. சின்னனாத்தான் செய்ற."

"பெரிசு இத விட மலிவா?"

"ஓம் மாமா."

"அப்ப வெட்டின துண்டுக்கு முழுத்துணிய விடக் காசு." கீபோர்ட்டைப் பாயில் வைத்தார். "நல்ல யாவாரம். நான்தான் படிக்காமப் போயிட்டன்."

சீலைக்குப் பின்னால் ஒரு சிரிப்புக் கேட்டது. அதன்பின் நிறத்தைப் பற்றிய ஆலோசனை தொடங்கியது. சின்னது மயில்கழுத்து நிறம், மற்றது சாம்பல். மைத்துனி மயில்கழுத்துக்கு வாக்களித்தாள். மனைவி, கண்ணாடி மேசையின் பொலிஷுக்குச் சாம்பல்தான் எடுபடும் என்றாள். அம்புக்குறி பற்றி நான் ஏதோ சொல்லப் போனேன். ராத்தா என்னைக் கையமர்த்திவிட்டு நீலச் சுவிட்ச் கீபோர்ட்டில் ஒரு விரலால் தட்டினார். டக். இன்னொரு தரம். டக்.

"வாய்ச்ச சத்தம்," என்றார். "கந்தோர்ல டைப் அடிக்கிற மாதிரியே இரிக்கி."

அந்த ஒரு வார்த்தையில் முடிவு ஆகிவிட்டது. முதலில் இதைப் பாவித்துப் பாருங்கள் என்று வீடு ஏகமனதாகத் தீர்ப்பளித்தது.

மறுநாள் முதல் என் அந்தஸ்து ஏறத் தொடங்கியது. காலையில் உட்கார்ந்து தட்டத் தொடங்கினால் அறைச்சுவர் தாண்டி, ஹோல் தாண்டி, குசினி வரைக்கும் சத்தம் போகும். பகலில் கதவைத் தட்டி வருகிற ஆட்களின் குரல்கள் எனக்குக் கேட்கும். "மருமகன் ஊட்டயா?" என்பார்கள். மாமி பதில் சொல்லமாட்டார். நாடியை நீட்டிச் சுவரைக் காட்டுவார் என்று பிறகு மனைவி சொன்னாள். சுவர் டக்டக்கென்று பதில் சொல்லும். வந்தவர்களும் குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள், பள்ளிவாசலில் குத்பாப் பிரசங்கம் நடக்கிறபோது தாழ்த்துகிற மாதிரி. என் பட்டச் சான்றிதழ் ஹோலில் தொங்கிச் சாதிக்காததை ஒரு பிளாஸ்டிக் துண்டு சாதித்துக்கொண்டிருந்தது.

ஆனால் என் வேலையில் தட்டுவது கொஞ்சம், யோசிப்பதுதான் கூட. மென்பொருளில் ஒரு பிழையைப் பிடிக்க அரை நாள் திரையைப் பார்த்தபடி இருக்க வேண்டிவரும். பிடித்த பிறகு திருத்துவதற்கு ஒரு வரி போதும். நான் யோசிக்கத் தொடங்கினால் வீடு அமைதியாகும். கொஞ்ச நேரத்தில் கதவு திறக்கும், மனைவி பிளேன்டீயோடு நிற்பாள்.

"படுத்திட்டயளா எண்டு உம்மா பாக்கச் சொன்னா."

"யோசிச்சிட்டு இரிக்கன்."

"யோசிக்கிறாராம்!" என்று குசினிப் பக்கம் குரல் கொடுப்பாள். அங்கிருந்து ஏதோ பதில் வரும். "யோசிச்சது காணுமாம், தேத்தண்ணியக் குடிச்சிட்டு வேலயப் பாக்கட்டாம்."

இப்படி ஐந்தாறு பிளேன்டீ குடித்த பிறகு எனக்குள்ளே ஒரு மாற்றம் வந்தது. யோசிக்கும்போது விரல்கள் தாமாகவே ஏதாவது தட்டத் தொடங்கின. கண் ஒரு பிழையைத் தேடிக்கொண்டிருக்கும், கை இன்னொரு பக்கத்தைத் திறந்து அர்த்தமில்லாத எழுத்துகளை வரிவரியாக நிரப்பிக்கொண்டிருக்கும். வீட்டில் எல்லோருக்கும் திருப்தி. அப்படி நிரப்பியதில் ஒரு பக்கத்தைத் தவறுதலாகக் கொழும்புக்கு அனுப்பியும் விட்டேன். இது என்ன என்று அங்கிருந்து கேட்டார்கள். பரிசோதனை என்றேன். கீபோர்ட்டுப் பரிசோதனை, மனிதப் பரிசோதனை, எப்படி வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளட்டும்.

கொழும்பில் எங்கள் குழுவுக்குத் தலைவர் ஒருவர் இருந்தார். அதிகம் கதைக்காதவர். நான் தகுதிகாண் காலத்தில் இருந்தேன். என்னை நிரந்தரமாக்குவதா, வேண்டாமென்று அனுப்புவதா என்பது அவர் எழுதுகிற அறிக்கையில் இருந்தது. ஒவ்வொரு நாளும் பின்னேரம் அஸர்த் தொழுகைக்குப் பிறகு வாடிக்கையாளரோடு இணையத்தில் கூட்டம் நடக்கும். அங்கே அப்போதுதான் கந்தோர் திறக்கிற நேரம். நான் திரையைக் காட்டி, விளக்கிக்கொண்டே திருத்த வேண்டும். அதனால் மைக்கை மூடி வைக்கவும் ஏலாது. இரண்டு நாள் பொறுத்துப் பார்த்துவிட்டுத் தலைவர் கேட்டார்:

"தம்பி, அங்க மழையா?"

"இல்ல சேர். நல்ல வெயில்."

"அப்ப பக்கத்துல யாரும் கொத்துரொட்டி போடுறாங்களா?"

கூட்டத்தில் இருந்த மற்றவர்கள் சிரித்தார்கள். தலைவர் சிரிக்கவில்லை. வாடிக்கையாளர் இரண்டு தரம் முறைப்பாடு சொல்லிவிட்டார் என்றும், அடுத்த வாரக் கூட்டத்துக்கு அவர்களுடைய மேலாளரே வருகிறார் என்றும், அதற்குள் அந்தச் சாமானை மாற்றிவிடும்படியும் சொன்னார். பணிவாகத்தான் சொன்னார். பணிவாகச் சொல்கிறவர்களுக்குத்தான் நான் பயப்படுவேன்.

இதோடு, அம்புக்குறி இல்லாத கீபோர்ட்டில் வேலை செய்வதே ஒரு தண்டனையாக இருந்தது. ஒரு வரி கீழே இறங்க இரண்டு கையும் வேண்டும். ஒரு சின்ன வேலைக்கு மூன்று விரலை அகட்டி வைத்து, பாம்புக்கடிக்கு மந்திரிக்கிறவன் மாதிரி கையை வளைத்துக்கொண்டிருந்தேன். வீடியோத் தாடிக்காரர்கள் இதைப் பழக்கம் என்கிறார்கள். பழகிவிட்டால் கை மேசையை விட்டு நகரவே வேண்டாமாம். கை நகராமல் இருப்பதற்கு இத்தனை பாடுபடுகிற ஒரு கூட்டத்தை நான் வேறெங்கும் கண்டதில்லை.

சாம்பல் நிறத்தை எடுத்துப் பூட்டினேன்.

விரலுக்கு அது சொர்க்கம். தட்டினால் பஞ்சில் கை வைத்த மாதிரி, அம்புக்குறி இருக்க வேண்டிய இடத்தில் இருந்தது, மேல்வரிசை இருந்தது. கூட்டத்தில் யாரும் மழை பற்றிக் கேட்கவில்லை. ஆனால் இந்தப் பக்கம் வீட்டில் மழை பெய்து ஓய்ந்த மாதிரி ஓர் அமைதி. முதல் நாள் பிளேன்டீ இரண்டு மடங்காக வந்தது. இரண்டாம் நாள் வரவே இல்லை. வேலை செய்யாதவனுக்கு எதற்கு என்று நினைத்தார்களோ, எழுப்பக்கூடாதென்று நினைத்தார்களோ. அதன்பின் மனைவி கதவைச் சாத்திக்கொண்டு கட்டில் ஓரத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"மச்சான், ஒண்டு கேக்கன், கோவிக்கக் கூடாது."

"கேளு."

"வேலையில ஏதும் பிரச்சினையா?"

"ஒண்டுமில்லயே. ஏன்?"

"உம்மா கேக்கா. ஊடு ஆரும் செத்த மவுத்தூடு மாதிரிக் கிடக்காம். மருமகன்ட சத்தத்தக் காணல்லயாம். வேல போயிட்டு, நமக்கிட்டச் சொல்ல வெக்கப்பட்டுட்டு உள்ளுக்கு இரிக்காரோ எண்டு ரெண்டு நாளா அழுறா."

நான் கீபோர்ட்டைக் காட்டினேன். தட்டிக் காட்டினேன். திரையில் எழுத்து ஓடுவதைக் காட்டினேன். மனைவிக்கு விளங்கியது; அவள் என்னைவிடக் கெட்டிக்காரி. ஆனால் குசினிக்குப் போய்ச் சத்தமில்லாமலும் வேலை நடக்கும் என்று சொன்னபோது, நீயும் உன்ட மாப்புள்ளயோட சேர்ந்து பொய் சொல்லப் பழகிட்டயா என்று ஏச்சு விழுந்ததாம்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் போய் வந்து சாப்பிட்டதும் மாமா என்னைக் கூப்பிட்டுப் பக்கத்தில் இருத்தினார். மரக்கறி விலை பற்றிக் கதைத்தார். ஒலுவில் பக்கம் கடல் ஏறி வருவதைப் பற்றிக் கதைத்தார். வேலை என்ற சொல்லை அவர் வாயில் எடுக்கவே இல்லை. மருமகனிடம் அதை நேரே கேட்பது மரியாதை இல்லை. எழும்புகிற நேரத்தில்தான் சொன்னார்:

"நம்மட கடையில காசு மேசைக்கிப் பக்கத்தில ஒரு கதிர சும்மாதான் கிடக்கு மருமகன். குஷன் போட்டுத் தரச் சொல்லிரிக்கன்."

"எனக்கு வேல இரிக்கி மாமா."

"ஓம் ஓம், அது இரிக்கட்டும்." என் தோளில் தட்டினார். "வாற கிழம அக்கரைப்பத்தில இருந்து ஆக்கள் வாறாங்க, சின்னவளப் பொண்ணு கேட்டு. மூத்த மருமகன் என்ன செய்றாரு எண்டு கேட்டா, கடையப் பாக்கிறாரு எண்டு சொல்ல லேசு. நீங்க யோசிங்க. அவசரமில்ல."

அவசரம் இல்லை, குஷன் மட்டும் தைக்கக் கொடுத்தாயிற்று. அந்தக் கதிரையில் ஒரு தரம் உட்கார்ந்தால் நான் எழும்பப் போவதில்லை என்பது எனக்குத் தெரியும். அந்தப் பஸாரில் அப்படி உட்கார்ந்த மருமகன்மாரை வரிசையாகக் காட்டலாம். ஆசிரியராகப் படித்தவர் ஒருவர் சாரனுக்கு விளிம்பு அளக்கிறார். கணக்கியல் முடித்தவர் ஒருவர் காசு மேசைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, காசு மேசையில் இருப்பவரைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். எல்லோரும் காலையில் போய் இரவில் வருகிறவர்கள், நல்ல பெயர் எடுத்தவர்கள். என் வாப்பா மற்றவர்கள் வயலில் குனிந்து என்னைப் படிப்பித்தது மாமாவின் குஷனுக்காக அல்ல. ஆனால் இதை அந்த வீட்டில் யாரிடம் எந்த வழியாகச் சொல்லி அனுப்புவது?

அக்கரைப்பற்று ஆட்கள் வருகிற நாள் குறித்தாயிற்று. வருகிற நேரமும் குறித்தாயிற்று, அஸருக்குப் பிறகு. கொழும்புத் தலைவரும் அன்றைக்கே செய்தி அனுப்பினார்: வாடிக்கையாளரின் மேலாளர் வருகிற கூட்டமும் அதே நாள், அதே அஸருக்குப் பிறகு.

அன்று காலை மனைவி மயில்கழுத்துக் கீபோர்ட்டைப் பெட்டியிலிருந்து எடுத்துக் கொண்டு வந்து கண்ணாடி மேசையில் வைத்தாள்.

"இண்டைக்கு ஒரு நாளைக்கி மட்டும் இதப் போடுங்களன் மச்சான். அவங்க ஹோல்ல இருக்கிற நேரம் நாலு தட்டுத் தட்டினாக் காணும். உம்மாக்கு ஒரு தைரியம்."

"நாலு தட்டுத் தட்டினா என்ட வேல போயிரும்."

"தட்டாட்டி?"

"தட்டாட்டி உங்கட வாப்பாட கதிரைக்குப் போகணும்."

அவள் இரண்டு கீபோர்ட்டுகளையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு மயில்கழுத்தை எடுத்துக் கட்டிலுக்குக் கீழே தள்ளிவிட்டு, "என்னமும் செய்ங்க. ஆனா கதவச் சாத்தாதிங்க, காத்தில்லாம வேர்த்துக் கொட்டும்," என்று சொல்லிவிட்டுப் போனாள். அது காற்றுக்காகச் சொன்னதுதானா என்று இன்றைக்கும் அவள் சொல்லமாட்டாள்.

கூட்டம் தொடங்கியதுமே அந்த மேலாளர் வெடித்தார். களஞ்சியத்தில் காலாவதியான மருந்துகளைத் திரை நல்ல மருந்தாகக் காட்டுகிறதாம். ஒரு பெட்டி மருந்து வெளியே போகிற கட்டத்தில் யாரோ கையால் பிடித்து நிறுத்தியிருக்கிறார்கள். பிழை எனக்கு முந்தி அந்த இடத்தில் இருந்தவருடையது. ஆனால் அவர் போய்விட்டார், மன்னிப்புக் கேட்க இருக்கிற ஆள் நான். எனக்குத் தெரிந்த இங்கிலீசில் கேட்டேன். சொரி சேர். யெஸ் சேர். ஐ ஆம் வெரி சொரி சேர். அவர் நிறுத்தவில்லை. அவர் ஏச ஏச நான் திரையில் அந்த இடத்தைத் தேடிக்கொண்டிருந்தேன். அம்புக்குறியால் கீழே இறங்கி, திகதிகளை ஒப்பிடுகிற வரியைப் பிடித்தேன். வாயால் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே கையால் அதைத் திருத்தினேன். ஒரு சத்தமும் இல்லை. அவர் மூச்சு வாங்க நிறுத்தியபோது, "இப்ப பாருங்க சேர்," என்று இங்கிலீசில் சொன்னேன். பார்த்தார். சரியாக இருந்தது. நன்றி சொல்லவில்லை, அடுத்த முறைப்பாட்டுக்குப் போனார். மறுபடி சொரி சேர்.

எல்லாம் முடிந்து ஹெட்செட்டைக் கழற்றியபோது சேர்ட் நனைந்திருந்தது. ஹோலில் கதிரைகள் நகர்கிற சத்தம், ஸலாம் சொல்கிற சத்தம், வாசலில் வாகனம் எடுக்கிற சத்தம். போய்விட்டார்கள். குஷன் என்ன நிறத்தில் இருக்கும் என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

மனைவி உள்ளே ஓடி வந்து வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அவள் சொன்னதை அப்படியே தருகிறேன்.

வந்தவர்கள் உட்கார்ந்து வட்டிலப்பம் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது வரப்போகிற மாப்பிள்ளையின் உம்மா கேட்டிருக்கிறார்: "மூத்த மருமகன் எங்க, வேலைக்குப் போயிட்டாரா?" மாமி பழக்கதோஷத்தில் நாடியால் சுவரைக் காட்டிவிட்டார். சுவரில் ஒரு சத்தமும் இல்லை. எல்லோரும் சுவரைப் பார்க்கிறார்கள். மாமியின் முகம் வெளுத்துப்போனது. அந்த நேரம்தான் திறந்த கதவு வழியாக என் குரல் வந்திருக்கிறது: சொரி சேர். வெரி சொரி சேர்.

மாப்பிள்ளையின் பெரியப்பா ஒருவர், மாவட்ட நிர்வாகக் கச்சேரியில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர், கரண்டியைக் கீழே வைத்துவிட்டுக் காது கொடுத்தாராம்.

"ஆரோடயாம் இந்தக் கத?"

"வெளிநாட்டு ஆக்களோட," என்றாள் மனைவி.

"வெள்ளக்காரனா?"

"ஓம்."

"வெள்ளக்காரன் நேரடியா ஏசுறானா?"

"ஓம். ஒவ்வொரு நாளும் கூட்டம் இரிக்கி."

பெரியப்பா மாமாவின் பக்கம் திரும்பினாராம். "இது லேசுப்பட்ட வேலையில்ல. எனக்கு நம்மட துரைதான் ஏசுவாரு, அதுவும் மாசத்தில ஒருக்கா. இவருக்கு வெள்ளக்காரன், அதுவும் ஒவ்வொரு நாளுமா! இத்தினைக்கும் கதிரைய உட்டு எழும்பாம பொறுமையாப் பதில் சொல்றாரு பாருங்க. கொடுத்து வச்ச ஆள் நீங்க." மாப்பிள்ளையின் உம்மா, பாவம் புள்ள, என்று கண்ணைத் துடைத்துவிட்டு இன்னொரு துண்டு வட்டிலப்பம் எடுத்துக்கொண்டாராம்.

பல்கலைக்கழகத்தில் படித்த காலத்தில், ஒருவன் வேலையில் இருக்கிறான் என்பதற்கு என்ன ஆதாரம் என்று யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. சம்பளம் என்று நினைத்திருந்தேன், திறமை என்று நினைத்திருந்தேன். ஏசுவதற்கு மேலே ஓர் ஆள் இருந்தால் போதும் என்பது அந்தப் பின்னேரம்தான் விளங்கியது. அந்த ஆள் எவ்வளவு தூரத்தில் இருக்கிறாரோ அவ்வளவுக்கு உத்தியோகம் பெரிது.

இரவு மாமா கடையிலிருந்து வந்து மரக்கறி விலையைப் பற்றித்தான் கதைத்தார். தைத்து வந்த குஷனைத் தன்னுடைய கதிரைக்கே போட்டுக்கொண்டதாகப் பிறகு கேள்விப்பட்டேன். நீலச் சுவிட்ச் கீபோர்ட்டை நான் திருப்பிக் கொண்டுபோய்க் கொடுத்தபோது என் நண்பன் அதைத் துடைத்துப் பெட்டியில் வைத்து, "ரசன இல்லாத மனிசன்டா நீ," என்றான். பிறகு கொழும்புத் தலைவரிடமிருந்து வேலையை நிரந்தரமாக்கிய கடிதம் வந்தது. அதில் நான் திருத்திய வரியைப் பற்றி ஒன்றும் இல்லை. அழுத்தமான சூழலில் நிதானம் இழக்காதவர் என்று ஒரு வசனம் மட்டும் இருந்தது. அந்தப் பெரியப்பா சொன்னதையே இங்கிலீசில் எழுதியிருந்தார்கள்.

சாம்பல் கீபோர்ட் கண்ணாடி மேசையில் நிலைத்துவிட்டது. வீடு அமைதியாக இருக்கிறது, யாரும் அழுவதில்லை. மாமி பின்னேரம் ஆனதும் ஹோலில் சுவர் ஓரமாகக் கதிரையைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறார். சுவருக்கு அந்தப் பக்கம் என் குரல் தாழ்ந்து சொரி சேர் என்றால் தஸ்பீஹ் மணி உருட்டுகிற கை நின்று, திருப்தியோடு மறுபடி உருளும் என்று மனைவி சொல்கிறாள்.

போன கிழமை வாடிக்கையாளருக்குப் பெருநாள் மாதிரி ஏதோ விடுமுறை. கூட்டம் இல்லை. நான் நிம்மதியாக ஒரு பழைய பிழையைத் தேடிக்கொண்டிருந்தேன். அஸர் முடிந்து கொஞ்ச நேரத்தில் மனைவி பிளேன்டீயோடு கதவடியில் நின்றாள்.

"இண்டைக்கு என்ன, ஒருத்தரும் ஏசல்லயா?"

"இல்ல. அவங்களுக்கு லீவு."

போனாள். குசினியில் தாழ்ந்த குரலில் ஏதோ கதை நடந்தது. திரும்பி வந்தாள், முகத்தில் சிரிப்பை அடக்கிக்கொண்டு.

"வேல போயிட்டுதா எண்டு உம்மா கேக்கா."

நான் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"நாளைக்கு ஏசுவாங்க எண்டு சொல்லு. இன்ஷா அல்லாஹ்."